மண்டையோடும் 80 என்ற எண்ணும்

தலையில் வயர்களை ஒட்டிவைத்து எடுக்கிற ஈ.ஈ.ஜி. பரிசோதனையைச் சினிமாவிலாவது எல்லோரும் பார்த்திருப்போம். காகிதத்தில் (இப்போதெல்லாம் திரையில்) கோடுகள் மேலும் கீழுமாக ஓடும். அந்தக் கோடு மூளையின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்... அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. தலைக்கு வெளியே அளந்ததை வைத்துக்கொண்டு, உள்ளே அதன் பிறப்பிடம் எது என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஒரு தனித் துறை. கணக்கைப் போடுவது கம்ப்யூட்டர்தான். ஆனால் போடுவதற்கு முன் அதற்குச் சில விஷயங்கள் தெரியவேண்டும். மண்டையோடு மின்சாரத்தை எவ்வளவு கடத்தும்? அளவீட்டில் இரைச்சல் எவ்வளவு? ஆழத்தில் இருப்பவற்றுக்கு எவ்வளவு சலுகை தரலாம்? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். டீஃபால்ட்!

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிலும் முக்கியமாக ஒரே ஒரு எண்: 80.

பி.காம். படிப்பவனுக்கு மூளையில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மரச்சாமான்களுக்கு 10 சதவீதம் என்று பாடப்புத்தகக் கணக்கில் கொடுத்திருப்பார்கள். எந்த மேசை எவ்வளவு தேய்ந்தது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. 10 என்று எழுதியிருக்கிறது, போடு 10! வருடக் கடைசியில் லாபம் அந்த எண்ணைப் பொறுத்துத்தான் வரும். மூளைக் கணக்கிலும் அப்படி ஒரு எண் முப்பது வருடங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தது என்று படித்தபோது விடமுடியவில்லை.

முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1853. ஜெர்மன் மேதை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அப்போது கோனிக்ஸ்பெர்க்கில் உடலியல் பேராசிரியர். விலங்குகளின் தசைகளில் தோன்றும் மின்சாரத்தைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில், மின்கடத்தி ஒன்றின் மேற்பரப்பில் மட்டும் அளந்தால், உள்ளே மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று ஒரே விடையாகச் சொல்லவே முடியாது என்று காட்டினார். பல விதமான உள் அமைப்புகள் வெளியே ஒரே மாதிரியான அளவைத் தரும். ஒரு கடையின் நிகர லாபம் மட்டும் தெரிகிறது, பேரேடு தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாடிக்கையாளருக்கு என்ன விற்றார்கள் என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லமுடியுமா? அதே கதைதான். இன்றைக்கு எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும் இந்த முடிவு மாறவில்லை, மாறவும் மாறாது. அது கணிதம்.

அப்படியானால் இந்தத் துறையே எப்படி நடக்கிறது? யூகத்தைச் சேர்த்துத்தான். "பிறப்பிடம் ஒரே ஒரு புள்ளி", "மூளை மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது", "தலை மூன்று அடுக்குள்ள பந்து"... இப்படி ஏதாவது ஒன்றை நம்பினால்தான் ஒரு விடை கிடைக்கும். விடையின் தரம் யூகத்தின் தரம். நாம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு அமைப்பும் இப்படிப்பட்ட ஒரு யூகம்தான்.

மனித மூளையின் மின்சாரத்தை முதலில் பதிவுசெய்தவர் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். பதிவுசெய்தது 1924-ல், வெளியிட்டது 1929-ல்! ஐந்து வருடம் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. (இளவயதில் ராணுவத்தில் இருந்தபோது ஒரு விபத்தில் மயிரிழையில் தப்பினார். அதே நாளில் தூரத்திலிருந்த சகோதரிக்கு மனது பதறித் தந்தி அடிக்கவைத்தாள். அதிலிருந்து மனதிலிருந்து மனதுக்குச் செய்தி போகுமா என்று தேடத் தொடங்கியவர்தான் கடைசியில் ஈ.ஈ.ஜி.யில் வந்து நின்றார்.) 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் செய்து பார்த்து உறுதிசெய்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1936-ல் இங்கிலாந்தின் கிரே வால்டர் மூளைக் கட்டிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று ஈ.ஈ.ஜி.யை வைத்தே கண்டுபிடித்துக் காட்டினார். அன்றைக்குக் கணக்கு எதுவும் கிடையாது, எல்லாம் கண் பார்வைதான்.

கண் பார்வை போதாது என்ற நிலை வலிப்பு நோயில் வந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்கள் மொத்த வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் சிலருக்கு வலிப்பு தொடங்கும் இடத்தை அறுவைசிகிச்சையில் எடுத்துவிட்டால் நோயே நின்றுபோகிறது. ஆனால் எந்த இடத்தை எடுப்பது? ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் பேச்சுக்கோ கை அசைவுக்கோ உரிய பகுதியில் கை வைத்ததாகிவிடும். ஆகவே இது வெறும் ஆராய்ச்சியாளர்களின் பொழுதுபோக்கு அல்ல. தவறான எண்ணுக்கு விலை உண்டு.

சரி, 80-க்கு வருவோம்.

தலையை மூன்று அடுக்குள்ள பந்தாக வைத்துக் கணக்கிடுவது பழைய வழக்கம். உள்ளே மூளை, நடுவில் மண்டையோடு, வெளியே தலைத்தோல். மூளையும் தோலும் ஈரமானவை, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நடுவில் இருக்கும் எலும்பு கடத்துவதில் கஞ்சன். எவ்வளவு கஞ்சன் என்பதுதான் கேள்வி. 1968-ல் அமெரிக்காவில் ரஷ், டிரிஸ்கால் என்ற இருவர் மனித மண்டையோட்டை மின்சாரம் கடத்தும் ஒரு கரைசலில் ஊறவைத்து அளந்தார்கள். கரைசலைப்போல 80 மடங்கு மின்தடை என்று கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர்கள் மூளையிலிருந்து வெளியே வரும் மின்சாரத்தை ஆராயவில்லை. வெளியிலிருந்து மின்முனை வழியாக மின்சாரத்தைச் செலுத்தினால் மூளைக்குள் எவ்வளவு போகும் என்றுதான் பார்த்தார்கள். கட்டுரை வெளியானதே மயக்கமருந்தியல் இதழ் ஒன்றில்! ஆனால் உள்ளே போகிற வழியும் வெளியே வருகிற வழியும் கணக்கில் ஒன்றுதான் என்ற விதி ஏற்கெனவே இருந்தது (அதையும் சொன்னவர் அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ், அதே 1853 கட்டுரையில்). அடுத்த வருடமே, 1969-ல், அதே இருவர் அந்த விதியைப் பயன்படுத்தி அதை ஈ.ஈ.ஜி.க்குப் பொருத்தி இன்னொரு கட்டுரை எழுதினார்கள். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எண்ணும் தங்கிவிட்டது.

அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 1968-ல் அது நல்ல அளவீடு. ஊறவைத்த மண்டையோட்டில் உயிருள்ள எலும்பின் ரத்தமும் மஜ்ஜையும் கிடையாது, கரைசலும் மூளை அல்ல என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். பிரச்சினை பிறகு வந்தவர்களுடையது. ஒரு சோதனையின் விடை, அந்தச் சோதனையின் நிபந்தனைகளை உதறிவிட்டுத் தனியாக நடந்து போனது. மூளைக்கும் தோலுக்கும் ஒரு மீட்டருக்கு 0.33 சீமென்ஸ், மண்டையோட்டுக்கு 0.0042. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 80 வரும். இந்த ஜோடி பல மென்பொருள்களுக்குள் போய் உட்கார்ந்தது. ஃபீல்ட்டிரிப் என்ற இலவச மென்பொருளின் நிரலில் "1, 80-ல் 1, 1" என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி எழுதியது நல்ல விஷயம் என்பேன்.

இந்த எண் தப்பானால் என்ன ஆகும்? மண்டையோடு ஒரு பாலிதீன் திரை மாதிரி. உள்ளே இருக்கும் விளக்கின் ஒளியைப் பரப்பி மங்கலாக்கிக் காட்டும். 80 என்று சொன்னால், திரை மிகவும் மங்கலானது என்று கணக்கு நம்புகிறது. நிஜத்தில் திரை அவ்வளவு மங்கல் இல்லை என்றால், வெளியே தெரியும் படம் எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக இருக்கும். கணக்கு எடுக்கும் முடிவு: விளக்கு திரைக்கு மிக அருகில் இருக்கிறது! ஆழத்தில் இருக்கும் பிறப்பிடம் மேலே இழுக்கப்படும். கம்ப்யூட்டர் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. அழகான வண்ணப் படமாக, தப்பான இடத்தைக் காட்டும்.

மண்டையோட்டுத் தொல்லையே வேண்டாம் என்று இன்னொரு வழியும் வளர்ந்தது. மின்சாரம் ஓடினால் காந்தப்புலம் வருமே, அதை அளந்தால் என்ன? 1968-லேயே (அதே வருடம்!) டேவிட் கோஹன் பத்து லட்சம் சுற்றுள்ள செம்புக் கம்பிச் சுருளை வைத்து மூளையின் காந்தப்புலத்தை முதன்முதலில் பிடித்தார். 1972-ல் எம்.ஐ.டி.யில் காந்தத் தடுப்பு அறை ஒன்றுக்குள், ஸ்க்விட் என்ற மீக்கடத்தி உணரியை வைத்து மீண்டும் அளந்தார். இந்த முறை தெளிவாக வந்தது. எம்.இ.ஜி. பிறந்த கதை இது. ஒரு சத்தத்தைக் கேட்டோ தொடுகையை உணர்ந்தோ மூளை எழுப்பும் புலம் 100 ஃபெம்டோடெஸ்லா அளவுதான் இருக்கும். பூமியின் காந்தப்புலம் அதைப்போலச் சுமார் 50 கோடி மடங்கு!

காந்தப்புலத்துக்கு மண்டையோடு பெரிய தடையே இல்லை. தலை கச்சிதமான பந்தாக இருந்தால் அடுக்குகளின் மின்கடத்துத்திறன் கணக்கிலேயே வராது. 1987-ல் யுக்கா சார்வாஸ் இதைத் தெளிவான சூத்திரமாக எழுதிக் கொடுத்தார். ஆக 80-ஆ 20-ஆ என்ற சண்டையே கிடையாது. எம்.இ.ஜி. சில மில்லிமீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும், ஈ.ஈ.ஜி.யில் 20 மில்லிமீட்டர் வரை தவறும் என்பது அன்றைய நம்பிக்கை. எம்.இ.ஜி. கருவியின் விலையோ ஆகாயத்தில்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முன்வந்தவர் வேறு யாருமில்லை, அதே டேவிட் கோஹன். 1990-ல் வந்த அந்தக் கட்டுரையைத்தான் இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் என்று சொல்வேன். வலிப்பு நோயாளிகள் சிலருக்குச் சிகிச்சைக்காக ஏற்கெனவே மூளைக்குள் மெல்லிய மின்முனைகளை வைத்திருப்பார்கள். அவற்றின் வழியாக மிகச் சிறிய மின்துடிப்பை அனுப்பினால், மூளைக்குள் ஒரு செயற்கையான பிறப்பிடம் கிடைக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும். இப்போது வெளியே 16 இடங்களில் அளந்து, தெரியாதவர்கள் மாதிரி கணக்குப் போட்டு, விடையை நிஜத்தோடு ஒப்பிடலாம். விடைத்தாளோடு வைக்கும் பரீட்சை!

மூன்று நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் நான்கு இடங்கள். வந்த விடை: எம்.இ.ஜி.யின் சராசரிப் பிழை 8 மில்லிமீட்டர். ஈ.ஈ.ஜி.யின் பிழை 10 மில்லிமீட்டர். எம்.இ.ஜி. எதிர்பார்த்ததைவிட மோசம், ஈ.ஈ.ஜி. எதிர்பார்த்ததைவிட நல்லது, இடம் கண்டுபிடிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதிவிட்டார், எம்.இ.ஜி.யைப் பெற்றெடுத்தவரே.

எப்படி இருக்கும்? தாம்தூம் என்று கிளம்பிவிட்டார்கள். 1991-ல் அதே இதழில் மறுப்புக் கடிதங்கள் வந்தன. சயன்ஸ் இதழ் இந்தச் சண்டையையே ஒரு செய்திக் கட்டுரையாகப் போட்டது. மறுத்தவர்களின் வாதத்திலும் பொருள் இருந்தது. வெளிப்புறம் நோக்கி நேராக நிற்கும் மின்னோட்டம் எம்.இ.ஜி.யின் கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியவே தெரியாது. அப்படிச் சாய்ந்த மின்முனைகளை வைத்துச் சோதித்தது அநியாயம் என்றார்கள். கருவியும் பழசு என்றார்கள். இரண்டும் சரிதான். ஆனாலும் என் கட்சி கோஹன் கட்சிதான். விவரங்களில் குறை இருக்கலாம், ஆனால் கேட்ட கேள்வி சரியானது. அதுவரை பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஒரு போலித் தலையைச் செய்து, அதே மாதிரியான தலையை வைத்தே விடை கண்டுபிடித்து, "ஆகா, சரியாக வருகிறதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்வது மாதிரி.

இனி எண்பதின் வீழ்ச்சி. 2000-ம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஊஸ்டன்டார்ப்பும் உடன் ஆராய்ந்தவர்களும் மண்டையோட்டை இரண்டு விதமாக அளந்தார்கள். ஒன்று, எடுத்து வைத்த எலும்புத் துண்டில். இன்னொன்று, உயிருள்ள மனிதரின் தலைத்தோலில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி. இரண்டுமே ஒத்துப்போயின. விகிதம் 80 இல்லை, 15! 2003-ல் ஹூக்கெமா குழுவினர் இன்னும் நேரடியான வழியைப் பிடித்தார்கள். வலிப்பு அறுவைசிகிச்சையின்போது மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வைத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் பொருத்துவார்கள் அல்லவா? அந்த இடைவேளையில் அளந்துவிட்டார்கள். ஒரு மீட்டருக்கு 32 முதல் 80 மில்லிசீமென்ஸ் வரை கிடைத்தது. (இந்த 80 வேறு 80, குழப்பிக்கொள்ளவேண்டாம்!) மென்பொருள்களில் இருந்த 0.0042 சீமென்ஸ் என்பது வெறும் 4.2 மில்லிசீமென்ஸ். 2005-லும் 2006-லும், மண்டையோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் அளந்து பார்த்தவர்களுக்கு விகிதம் 25, 19 என்ற அக்கம்பக்கத்தில் வந்தது.

அப்படியானால் 80-ஐ அழித்துவிட்டு 20 என்று எழுதிவிடலாமா? பலர் அதைத்தான் செய்தார்கள். மின்னியாபொலிஸ், மியூன்ஸ்டர் என்று ஊருக்கு ஒரு எண் வந்ததுதான் மிச்சம் என்று கிண்டல் செய்யத் தோன்றுகிறது, ஆனால் விஷயம் அதைவிடச் சுவாரசியமானது. மண்டையோடு ஒரே பொருள் இல்லை. வெளியே கெட்டியான எலும்பு, நடுவில் பஞ்சு மாதிரி மஜ்ஜை நிறைந்த எலும்பு, மறுபடி கெட்டி. பஞ்சுப் பகுதி அதிகம் கடத்தும். குழந்தைகளின் மண்டையோடு பெரியவர்களுடையதைவிட அதிகம் கடத்தும். ஆளுக்கு ஆள் தடிமன் வேறு. அதனால் "சரியான எண்" என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இல்லவே இல்லை.

ஆளுக்கு ஆள் அளக்க ஒரு கெட்டிக்கார வழி இருக்கிறது. மணிக்கட்டில் லேசாக மின்தூண்டல் கொடுத்தால், சுமார் 20 மில்லிசெகண்டில் மூளையின் தொடு உணர்வுப் பகுதியில் ஒரு அலை எழும். அந்த அலை எங்கே எழும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதே அலையை எம்.இ.ஜி.யாலும் ஈ.ஈ.ஜி.யாலும் அளந்தால், மண்டையோட்டைச் சட்டைசெய்யாத எம்.இ.ஜி. இடத்தைச் சொல்லிவிடும். அந்த இடத்துக்கு ஈ.ஈ.ஜி.யும் வந்து சேரவேண்டுமானால் மண்டையோட்டுக்கு என்ன எண் போடவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2014-ல் இந்த முறையை ஒரு வலிப்பு நோயாளியின் பிறப்பிடத் தேடலில் பயன்படுத்திக் காட்டியது. எம்.இ.ஜி.யும் ஈ.ஈ.ஜி.யும் போட்டியாளர்கள் என்று சண்டைபோட்டது போய், ஒன்று மற்றொன்றுக்குத் தராசு ஆனது.

மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னொன்றை மறந்தார்கள். மூளையைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அது மின்சாரத்தை மூளையைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். 1997-லேயே உடல் வெப்பநிலையில் அளந்து ஒரு மீட்டருக்கு 1.79 சீமென்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். மனிதருக்கு மனிதர் பெரிதாக மாறாத, சந்தேகமே இல்லாத எண். ஆனால் மூன்றடுக்குப் பந்தில் அந்த நீருக்கு இடமே கிடையாது. 2014-ல் ஃபோர்வெர்க் முதலானவர்கள் தலை மாதிரிக்கான ஒரு வழிகாட்டியை வெளியிட்டபோது, நீர்ப்படலத்தைக் கட்டாயம் சேருங்கள் என்றார்கள். தெரியாத எண்ணுக்காக இத்தனை வருடம் சண்டை, தெரிந்த எண்ணைச் சேர்க்க இத்தனை வருடம் தாமதம்!

மற்ற அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தில் ஹேமலைனன், இல்மோனியமி இருவரும் 1984-ல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை எழுதினார்கள். அளந்ததை விளக்கக்கூடிய எல்லா விடைகளிலும் மிகக் குறைந்த மின்னோட்டம் செலவாகும் விடையைத் தேர்ந்தெடு என்பது அதன் சாரம். முறையான ஆய்விதழில் அது வந்தது 1994-ல்தான். அதற்குள் உலகமெல்லாம் பயன்படுத்த ஆரம்பித்திருந்தது. இந்தச் சிக்கனத்தில் ஒரு ஓரவஞ்சனை உண்டு. மேலே இருக்கும் பிறப்பிடத்துக்குக் கொஞ்சம் மின்னோட்டம் போதும், ஆழத்தில் இருப்பதற்கு நிறைய வேண்டும். சிக்கனம் பார்த்தால் எப்போதும் மேலே இருப்பதே ஜெயிக்கும். அதைச் சரிக்கட்ட ஆழத்துக்கு ஒரு சலுகை எண் வந்தது. எம்.என்.ஈ. மென்பொருளில் அதன் டீஃபால்ட் 0.8.

இன்னொன்று இரைச்சலுக்கான எண். அளந்த எல்லாவற்றையும் அப்படியே நம்பினால் இரைச்சலும் பிறப்பிடமாகிவிடும். எங்களுக்கு வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று உண்டே, வரவேண்டிய பாக்கியில் ஒரு பங்கு வராது என்று முன்கூட்டியே கழித்து வைப்பது, அது மாதிரி. எம்.என்.ஈ. வழக்கப்படி சமிக்ஞை இரைச்சலைப்போல மூன்று மடங்கு என்று கொள்வார்கள். கட்டுப்பாட்டு எண் 3-ன் வர்க்கத்தில் 1, அதாவது ஒன்பதில் ஒன்று. இது பல முறை அளந்து சராசரி எடுத்த பதிவுக்கு. சராசரி எடுக்காத பதிவுக்கு 3-க்குப் பதிலாக 1 போடச் சொல்கிறார்கள். ஆனால் சராசரிக்குப் போட்ட எண்ணையே மாற்றாமல் ஓட்டினாலும் மென்பொருள் ஏன் என்று கேட்காது.

2020-ல் நான்கு இலவச மென்பொருள்களை ஒரே தரவில் ஓட்டி ஒரு ஒப்பீடு வெளியானது. சமிக்ஞையின் பலம் நடுத்தரமாக இருந்தால் நான்கும் ஏறத்தாழ ஒரே இடத்தைக் காட்டின. மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் பிரிந்தன. அதே 2020-ல் மூளைப் படமெடுப்போரின் சர்வதேச அமைப்பு, ஈ.ஈ.ஜி., எம்.இ.ஜி. கட்டுரைகளில் எதையெல்லாம் கட்டாயம் எழுதவேண்டும் என்று பரிந்துரை வெளியிட்டது. எந்தத் தலை மாதிரி, எந்த மின்கடத்துத்திறன், எந்தக் கட்டுப்பாட்டு எண் என்பதெல்லாம் அதில் உண்டு. டீஃபால்ட் போட்டாலும் பரவாயில்லை, போட்டேன் என்று எழுது. எங்கள் பாஷையில் சொன்னால், எந்தத் தேய்மான முறை என்று கணக்கின் குறிப்பில் வெளிப்படுத்துவது.

கோஹனின் பரீட்சையும் அதே வருடம் திரும்பி வந்தது. இத்தாலியின் மிலன் நகரில் நிகுவார்டா மருத்துவமனையில் வலிப்புக்காக மூளைக்குள் மின்முனை வைக்கப்பட்டிருந்த 7 பேரிடம், உள்ளே மின்துடிப்பைக் கொடுத்துக்கொண்டே வெளியே 256 மின்முனைகளால் ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். மொத்தம் 61 பதிவுகள். ஒவ்வொன்றிலும் துடிப்பு எங்கே கொடுக்கப்பட்டது என்ற சரியான விடையும் சேர்த்து, எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிட்டார்கள். 2023-ல் அதே தரவில் பத்து முறைகளை, ஒவ்வொன்றையும் பல விதமான அமைப்புகளோடு ஓட்டிப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. 1990-ல் கோஹன் 12 இடங்களை வைத்துச் செய்ததை, இன்று விருப்பமுள்ள யாரும் வீட்டில் உட்கார்ந்தபடியே 61 முறை செய்து பார்க்கலாம். மண்டையோட்டுக்கு 80 போட்டு ஒரு தடவை, 20 போட்டு ஒரு தடவை.